ஏழாம் பாடத்தைக் கிழிப்பவர்

இரும்பு ஸ்கேலைப் புத்தகத்தின் உள்ளோரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் கிழிக்கிறார். சர்ரென்று ஒரு சத்தம். ரயில் நிலையத்தின் பக்கச் சுவரை ஒட்டிய பழைய புத்தகக் கடையில் குனிந்து புரட்டிக்கொண்டிருக்கும் எல்லோரும் ஒரு கணம் நிமிர்கிறார்கள். அவர் யாரையும் பார்ப்பதில்லை. கிழித்த தாள்களைத் தட்டி நேராக்கித் தோள்பைக்குள் வைக்கிறார். மிச்சப் புத்தகத்தை, இப்போதுதான் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கிறார்.

“ஏழப் புடுங்கினா எட்டும் ஒம்போதும் தானா உதிருது சார். இத நான் யார் தலையில கட்டுறது?”

“உதிரட்டும்யா. எட்டப் படிச்சு எவனும் கெட்டுப்போனதில்ல. அதுல வெறும் அபராதம்தான் இருக்கு.”

“வாங்கி, கிழிச்சு, குடுத்துட்டுப் போற ஒரே ஆளு நீங்கதான் சார் இந்த ஊர்ல.”

கடைக்காரர் அனுதாபத்தில் சொல்லவில்லை. அவர் வியாபாரி. இவர் வருவார் என்று தெரிந்ததிலிருந்து அந்தப் புத்தகம் எங்கே கிடைத்தாலும் வாங்கி ஒளித்து வைத்துக்கொள்கிறார். ஏழு இருக்கிற புத்தகத்துக்கு ஒரு விலை, ஏழு இல்லாததற்கு ஒரு விலை. முதல் விலை இவருக்கு, இரண்டாவது விலை மற்றவர்களுக்கு. ஒரே புத்தகத்தை இரண்டு முறை விற்கிறார். இது இவருக்கும் தெரியும். “இது ஏழாம் பாடத்துலயே இருக்கு, மூணாவது வகை” என்று முணுமுணுத்தபடியே பணத்தை எடுத்து வைக்கிறார்.

நடைபாதைக் கடைகளில் அவருக்குப் பெயரே ‘ஏழாம் பாடம்’ என்று ஆகிவிட்டது. “ஏழாம் பாடம் வர்றாரு, அந்த மஞ்ச அட்டைய மேல எடுத்துப் போடு” என்று ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் சத்தம் போகும். மஞ்சள் அட்டை போட்ட அந்தப் புத்தகத்தின் முகப்பில் இருக்கும் பெயர் அவருடையதுதான். தான் எழுதிய புத்தகத்தைத் தானே விலைக்கு வாங்கித் தானே கிழிக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். அதே கடையில் துப்பறியும் கதை தேடிக்கொண்டிருந்தேன். கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டேன்.

ஆள் ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் நான்கு நிறத்தில் பேனா. மூக்கில் இரட்டைக் கண்ணாடி, மேல் பாதி தெருவுக்கு, கீழ்ப் பாதி தாளுக்கு. அதைக் கழற்றிவிட்டால் அவருக்குப் பேருந்தும் பீரோவும் ஒன்றுதான். ஒருமுறை கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியவர், தபால் பெட்டியிடம் வழி கேட்டாராம், பெட்டியும் சொன்னதாம். அவருடைய அக்கா சொன்னது இது. பெட்டி பதில் சொன்னதாகச் சேர்த்தது மட்டும் நான்.

ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில், விதிகளைப் பார்க்கிற பிரிவில் பணி ஓய்வு வரை இருந்தார். மற்றவர்கள் சம்பாதிப்பதற்குச் சம்பளம் வாங்கினார்கள், இவர் ‘கூடாது’ என்று சொல்வதற்கு. வாடிக்கையாளர் பணத்தைத் தொடக் கூடாது. உள்ளே கேட்டதை வெளியே சொல்லி வாங்கக் கூடாது. லாபம் நிச்சயம் என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. சொல்லிச் சொல்லி அந்தச் சொல் வாயோடு ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அதே பேச்சுத்தான். யார் எதைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் ‘கூடாது’ வந்து வாசலில் நிற்கும்.

கோபம் வந்தால் கத்துகிற ஆளில்லை. முதலில் இடது காது சிவக்கும், அப்புறம் வலது. இரண்டும் சிவந்துவிட்டால் எதிரே இருப்பவர் தீப்பெட்டி இல்லாமலே அடுப்பு பற்ற வைத்துக்கொள்ளலாம். காலையில் செய்தித்தாள் படிக்கும்போதே இடது காது தயாராகிவிடும். “‘மக்கள் பணத்தை இழந்தனர்’னு போட்டிருக்கான் பாருங்க. இழந்தாங்களாம்! கொடைய பஸ்ஸுல விட்டுட்டு வந்த மாதிரி! எடுத்தவன் ஒருத்தன் இருக்கான்ல? அவனப் பத்தி ஒரு வரி இருக்கா? அவன் போட்டிருந்த கோட்டப் பத்தி எழுதியிருக்கான்!”

அந்த மஞ்சள் அட்டைப் புத்தகம், தரகர் உரிமம் வாங்க எழுத வேண்டிய தேர்வுக்கான வழிகாட்டி. இந்த வகைப் புத்தகங்களை நானும் புரட்டிப் பார்த்திருக்கிறேன். சட்டத்தை எழுதியவரே திரும்பிப் படித்தால் மயங்கி விழுவார், அப்படி இருக்கும். இவருடையது அப்படியில்லை. அதிலும் ஏழாம் பாடம், ‘மோசடி வகைகள்’, நன்றாகவே எழுதியிருந்தார். வகை, இலக்கணம், தண்டனை என்று வரிசையாகப் போட்டால் மாணவர்களின் தலையில் ஏறாது என்று நினைத்தவர் புதிய வழி ஒன்றைப் பிடித்தார். ‘இப்போது நீங்கள்தான் மோசடிக்காரர். முதல் நாள் என்ன செய்வீர்கள்?’ என்று தொடங்கினார். நல்ல கட்டடத்தில் அலுவலகம் பிடியுங்கள். வரவேற்பில் பூச்செடி வையுங்கள். முதலில் சேர்கிறவர்களுக்குச் சொன்ன தேதியில், சொன்ன தொகையைக் கொடுங்கள். அவர்களே அடுத்தவர்களைக் கூட்டிவருவார்கள். இப்படி ஒவ்வொரு படியையும் சொல்லி, அதன் கீழே எந்த விதி எந்த இடத்தில் உடைகிறது என்றும் எழுதியிருந்தார். மாணவர்கள் கதைபோலப் படித்துவிட்டுத் தேர்ச்சி பெற்றார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. உலகத்தில் எந்தத் திருடனும் தொடாத, பைத்தியக்காரத்தனமான ஒன்றாக இருக்கட்டும் என்று யோசித்து, குளிர்பதனக் கிடங்கில் அலமாரித் தட்டு விற்கிற ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்தார். ஆளுக்கொரு தட்டு சொந்தம். அதில் யாரோ மீனும் பழமும் வைப்பார்கள். வாடகை மாதாமாதம் உங்களுக்கு. அந்த நிறுவனத் தலைவருக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கலாம் என்று, குறும்பாக ஒரு வரியும் சேர்த்தார்: ‘மேடையில் உங்கள் அம்மாவை உட்கார வையுங்கள். அம்மா இல்லாவிட்டால் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.’ வகுப்புகளில் இந்த வரிக்குச் சிரிப்பு நிச்சயம்.

அட்டவணையில் ஒரு பிழையும் செய்தார். ஓராண்டுக்கான தவணைகளை எண்ணும்போது கை தவறிப் பதின்மூன்று என்று போட்டுவிட்டார். அச்சான பிறகு பார்த்துப் பதிப்பாளரிடம் ஓடினார். “அடுத்த பதிப்புல பாத்துக்கலாம் சார்” என்றார் அவர். அடுத்த பதிப்பிலும் அதையேதான் சொன்னார். மாணவர்கள் பதின்மூன்று என்றே மனப்பாடம் செய்தார்கள். ஒருமுறை கேள்வித்தாளிலேயே பதின்மூன்று என்று வந்து, பன்னிரண்டு என்று எழுதியவர்கள் தோற்றுப்போனதாகச் சொல்வார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு என் கைச்சரக்கு என்று கேட்காதீர்கள்.

அவருடைய அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வாரம் தவறாமல் ஊசி போடுகிறவர். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமைச் செவிலியராக இருந்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பிறர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சேர்த்த ஓய்வுப் பணம் ஒன்றுதான் அவருக்கு எல்லாம். ஒரு நாள் மதியம் கேக்கும் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். வழவழப்பான ஒரு விளம்பரத்தாளை மேஜைமேல் விரித்தார்.

“எனக்கு ரெண்டு தட்டு வாங்கிருக்கேன்டா. ஒம் பேருல ஒண்ணு.”

“என்ன தட்டு?”

“கிடங்குல. ஐஸ் கிடங்கு. மாசாமாசம் வாடக. போட்டோவப் பாரு, அவங்க அம்மாவ எப்பிடி மேடையில நடுவுல உக்கார வச்சிருக்கான்னு. பெத்தவள மதிக்கிறவன் ஏமாத்துவானா?”

அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். வெள்ளைத் தலை, கனிந்த முகம், மடியில் பூங்கொத்து. கீழே அட்டவணை. வருடத்துக்குப் பதின்மூன்று தவணை.

“அக்கா, வருஷத்துக்கு எத்தன மாசம்?”

“பன்னெண்டு.”

“இங்க பதிமூணு போட்டிருக்கே.”

“ஒண்ணு போனஸ்னு நெனச்சேன்.”

இரண்டு காதும் ஒன்றாகச் சிவந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்ததாக அக்கா சொன்னார். “என்னக் கேக்காம ஏன் போட்ட?” என்றாராம் தம்பி. “ஒன்னக் கேட்டா நீ என்ன சொல்லுவ? ‘கூடாது’ம்ப. ஊஞ்சல் வாங்கவான்னு கேட்டாலும் கூடாது, நாய்க்குட்டி வாங்கவான்னு கேட்டாலும் கூடாது. அதான் வாங்கிட்டே சொல்லலாம்னு இருந்தேன்” என்று அக்கா திருப்பிக் கொடுத்தார். கேக்கை யாரும் வெட்டவில்லை.

தம்பி புத்தகத்தையும் விளம்பரத்தாளையும் எடுத்துக்கொண்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஓடினார். ஒரே பக்கம், ஒரே பிழை, ஒரே அம்மா. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி புத்தகத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

“சார், நீங்களா இத எழுதினது? நான் இதப் படிச்சுத்தான் சார் பாஸ் பண்ணேன்! ஏழாம் பாடம் இருக்கே, அப்பப்பா! ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.”

“கையெழுத்து இருக்கட்டும். இந்தக் கம்பெனிய இன்னிக்கே நிறுத்துங்க.”

“புகார ஆன்லைன்ல போட்டுடுங்க சார். நம்பர் வரும். நம்பர் வந்ததும் பாத்துடலாம்.”

நம்பர் வந்தது. நம்பர் வருவதற்குள் அந்தக் கம்பெனி அலுவலகத்தில் பூச்செடியும் ஒரு மேஜையும்தான் மிச்சம். அப்புறம் ஆணையத்திலிருந்து பதிலும் வந்தது. முதலீட்டாளர்கள் எச்சரிக்கையுடன் இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்களாம். வீடு எரிந்து முடிந்தபின் வாசலில் வந்து ‘நெருப்பு சுடும்’ என்று பலகை மாட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு மாதச் சம்பளம், வாகனம், ஓட்டுநர்!

காலி அலுவலகத்தின் மேஜை இழுப்பறையில் போலீசாருக்கு மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஏழாம் பாடத்தில் படிகளுக்கெல்லாம் சிவப்புக் கோடு. விதிகள் இருந்த இடங்களில் டீ டம்ளர் வைத்த வட்டம்தான் இருந்ததாம். விசாரித்த ஆய்வாளர் இவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகவே கேட்டார்: “எழுதினது நீங்க. உங்களுக்கு ஏதாவது பங்கு வந்துச்சா சார்?”

வந்தது. பதிப்பாளர் மூலமாக வந்தது. செய்தி வெளியானதும் புத்தகம் பறக்க ஆரம்பித்தது. “ஏழாம் பாடத்துக்காகவே கேட்டு வாங்குறாங்க சார். அடுத்த பதிப்புல ஏழ ரெண்டாப் பிரிச்சிடலாமா? அட்டையிலயே ‘நிஜத்தில் நடந்தது’ன்னு ஒரு வரி போட்டுடுவோம்” என்று தொலைபேசியில் குதித்தார். ஏழாம் பாடத்தை எடுத்துவிடுங்கள் என்று இவர் சொன்னபோது அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. விற்பனையில் சிறு பங்கு தவிர மற்ற உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்தாயிற்றே. ஊரார் ஒப்பந்தங்களையெல்லாம் கீழ்ப் பாதிக் கண்ணாடியால் வரி வரியாகப் படித்தவர், தன்னுடையதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த மாதம் வந்த காசோலையுடன் கடைத்தெருவுக்குப் போய், அந்தப் பணம் முழுவதற்கும் தன் புத்தகத்தையே வாங்கிக் கிழித்தார். கிழிப்பது அன்று தொடங்கியது.

புதுப் புத்தகக் கடை, பழைய புத்தகக் கடை, பயிற்சி நிலைய வாசல், எதையும் விடுவதில்லை. ஒருமுறை ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு பெண் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிக் கிழிக்க, அந்தப் பெண் சங்கிலியை இழுக்க, ரயிலே நின்றது. நின்றதென்னவோ நிலையம் வந்ததால்தான். சங்கிலி கொஞ்சம் நான் இழுத்தது.

அக்கா வாடகைவீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டின் முன்னறைக்கு வந்துவிட்டார். ஓய்வு பெற்றவர் மறுபடி வேலைக்குப் போகிறார். பக்கத்துத் தெரு மருத்துவமனையில், மகள் வயதுள்ள செவிலியருக்குக் கீழே. “நேத்து என்னய சிஸ்டர்னு கூப்பிடல, ‘ஏம்மா’ன்னு கூப்பிட்டா” என்று சொல்லிக்கொண்டே எனக்கு ஊசி போட்டார். அன்று ஊசி கொஞ்சம் அதிகமாகவே வலித்தது.

கிழித்த தாள்கள் மூட்டை மூட்டையாக அக்காவின் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தரையைப் பெருக்க மூட்டையை இழுத்தவர் ஒரு கட்டுத் தாளை உருவி எடுத்தார். தம்பி சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து படித்தார். அம்மா வரி வந்ததும் எழுந்தார். துடைப்பக் கட்டையால் நாற்காலிக் காலில் ஒரு தட்டு.

“டேய்! எந்திரி! இத ஏண்டா எனக்குக் குடுக்கல?”

“எது?... என் கண்ணாடி எங்க?”

“எம் மூக்குல. இதக் கேக்குறேன், இந்த ஏழு. எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சிருக்கியே. இத ஏன் எங்கிட்டக் காட்டல?”

“அது பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு அக்கா.”

“அந்தத் திருடன் எந்தப் பரீட்சை எழுதினான்?”

தம்பி கண்ணாடிக்குக் கை நீட்டினார். அக்கா தரவில்லை.

“ஊருக்கெல்லாம் எழுதின, திருடனுக்கும் எழுதின. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் ‘கூடாது’ன்னு ஒத்த வார்த்த. ஏன் கூடாதுன்னு ஒரு நாள் உக்கார வச்சுச் சொல்லியிருக்கியா? இப்பக் கிழிச்சுக் கிழிச்சு எங் கட்டிலுக்கு அடியில போடுற. யாருக்கு வைத்தியம் பாக்குற நீ? நோயாளி வார்டுல கெடக்குறான், நீ மருந்தக் கொண்டுபோயி ஒளிச்சு வைக்குற!”

இதை அக்கா எனக்கு நடித்தே காட்டினார், கையில் ஊசியோடு. நான் கையை நீட்டியபடி மூச்சு விடாமல் இருந்தேன்.

போன வாரம் நகரின் பெரிய அரங்கில் ஒரு கூட்டம். நானும் போயிருந்தேன். இந்த முறை அலமாரி இல்லை, வெயில் தகடு. மொட்டைமாடிகளில் தகடு பதிப்பார்களாம். ஆளுக்கொரு தகடு சொந்தம். வெயில் அடிக்க அடிக்கப் பணம். வாசலில் வரிசை நின்றது. ஓய்வு பெற்றவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தோடு வந்த ஒரு ஜோடி. பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற விதத்திலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தது. படிக்கட்டின் ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் தம்பி. கிழித்த தாள்களை அக்கா ஒவ்வொரு கட்டாகத் தைத்துக் கொண்டுவந்திருந்தார், காயத்துக்குத் தையல் போடுகிற அதே கை. ஒவ்வொருவர் கையையும் பிடித்து அழுத்தி வைத்தார்: “உள்ள போயி உக்காந்ததும் மொதல்ல இதப் படிங்க. அப்புறமா பைய அவுழுங்க.”

தம்பிக்கு அது வரவில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ‘கூடாது’ சொன்னவருக்குத் தெருவில் நின்று கை நீட்டத் தெரியவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்துப் பட்டை கட்டிய ஓர் இளைஞர் அரங்கிலிருந்து வேகமாக இறங்கி வந்தார்.

“சார், இங்க நோட்டீஸ் எல்லாம் குடுக்கக் கூடாது.”

கூடாது! இடது காது பற்றிக்கொண்டது. வலது காதும். அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கதவைத் திறந்து கையைப் பிடித்து ஒரு மூதாட்டியை இறக்கினார்கள். வெள்ளைத் தலை, கனிந்த முகம், கையில் பூங்கொத்து. கிடங்குக்காரனுக்கு அம்மாவாக இருந்தவர் இப்போது வெயில்காரனுக்கு அம்மா.

அக்கா கையிலிருந்த கட்டு நழுவிக் கீழே விழுந்தது. “டேய், அவதாண்டா” என்றார். இவர் அறைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் பூங்கொத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

இவர் நேராகப் படியிறங்கி அந்த அம்மாவுக்கு எதிரே போய் நின்றார். பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, மேடை அம்மா வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

“இத ஒரு தரம் படிங்கம்மா.”

“என்னப்பா இது? எனக்கு எழுத்து எல்லாம் மங்கலாத்தான் தெரியும். எங்க உக்காரச் சொல்றாங்களோ உக்காருவேன், அம்புட்டுத்தான்.”

அவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். அந்த அம்மாவின் காதுகளில் தானே மாட்டிவிட்டார். அந்த அம்மா தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டத் தொடங்கினார். பின்னால் வரிசை நின்றது. “அம்மா, நேரமாச்சு, மேடைக்கு வாங்க” என்று கழுத்துப் பட்டை அவர் முழங்கையைப் பிடித்தது. “இருப்பா, படிச்சுக்கிட்டிருக்கேன்ல” என்றார் அந்த அம்மா, கையை உதறிவிட்டு.

இவர் அப்படியே வரிசைப் பக்கம் திரும்பினார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அங்கே மனிதர்கள் யாரும் தெரிந்திருக்க மாட்டார்கள். பைக்குள் கைவிட்டு அடுத்த கட்டை எடுத்து, எதிரே அசைந்த ஏதோ ஒரு நிழலை நோக்கி நீட்டினார்.